இருநூறு வயது ரவிக்கை

தையல்காரர் ஒரே ஒரு தையலைத்தான் பிரித்தார். ரவிக்கை ஆறு துண்டுகளாக அவர் மடியில் விழுந்தது.

"ஐயையோ!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "அருங்காட்சியகத்துச் சாமானா? இருநூறு வருஷத்து ரவிக்கை, நூல் அசையாம பார்த்து இதே மாதிரி ஒண்ணு தைங்க, ஏதாவது ஆச்சுன்னா கேஸ்தான்னு அந்த மேடம் சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"கொக்கி கிடையாது, டாட்ஸ் மடிப்பு கிடையாது. முன்னால ஒரு முடிச்சு, அவ்வளவுதான். எப்படி நிக்குதுன்னு பார்க்க வேண்டாமா?"

"பார்த்தாச்சா?"

"பார்த்துட்டேன்டி! அக்குள்ல ஒரு சதுரத் துண்டு, கோணலா வச்சிருக்கான். கையை வானத்துக்குத் தூக்கினாலும் இழுக்காது! வாசனையைப் பாரு, ஏலக்காய். அந்தக் காலத்துப் பொம்பளைங்க துணிப்பெட்டியில ஏலக்காய் போட்டு வச்சிருப்பாங்க போல."

"இதெல்லாம் ஜெயில்ல போய்ச் சொல்லுங்க."

கைத்தையல் போட்டார். ஊசி பட்ட இடமெல்லாம் இழை பிரிந்தது. பசை தடவி ஒட்டினார். ரவிக்கை அவர் பனியனோடு ஒட்டிக்கொண்டது. பனியனைக் கழற்ற, மிச்சமும் கிழிந்தது.

கடைசியில் புதுத் துணியில் இரண்டு தைத்தார். ஒன்று நகல். இன்னொன்றுக்கு இருநூறு வயது ஏற்ற வேண்டும்.

"டீயில முக்கினா பழுப்பாயிடும். என் மூளையே மூளை! உலகத்துல எவனுக்கும் தோணியிருக்காது."

அண்டா நிறைய டீ கொதித்தது. வாசம் பிடித்து, தெருவில் பாதிப் பேர் டம்ளரோடு வாசலில் நின்றார்கள். மனைவி கைப்பழக்கத்தில் கால் கிலோ இஞ்சியைத் தட்டிப் போட்டுவிட்டாள். ரவிக்கை மூன்று நாள் காய்ந்தும் மணம் போகவில்லை.

மேடம் டிரைவருடன் வந்தார். பழுப்பு ரவிக்கையைப் பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"என்ன நேர்த்தி! இந்தக் காலத்துத் தையல்காரங்களுக்கு இது வருமா?"

"வராதுங்க மேடம்" என்றார் தையல்காரர், மனமாரப் பொய் சொல்லி.

மேடம் காரில் ஏறிக்கொண்டார். பெட்டியைத் தூக்கிய டிரைவர் அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு, தையல்காரரின் காதருகே குனிந்தார்.

"போன வருஷம் தைச்சவரு ஏலக்காய் டீயில முக்கினாரு. நீங்க இஞ்சி டீயாண்ணே?"