மரியான் உட்காருவதற்கு ஒரு ஆம்ப்ளிபயர்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
18-8-1974

பிரியமுள்ள மருமகன் வில்பிரட்டுக்குத் தாய்மாமன் பர்னபாஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதும் கடுதாசி. இங்கே நானும் உன் அத்தை இசபெல்லாவும் மாதா புண்ணியத்தில் சுகம். என் இடது முழங்கால் சுகமில்லை, அதைச் சுகத்தில் சேர்க்கவில்லை. உன் அம்மா பிளாரன்ஸ் சுகம், தெருமுனை வரைக்கும் கேட்கிற அளவுக்குச் சுகம். உன் அப்பா மரியானும் சுகம், காதைத் தவிர. அங்கே நீயும் உன் கப்பலும், நீ எண்ணெய் விடுகிற அந்த எஞ்சினும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு மணி கூடுதலாகத் தள்ளுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கடுதாசி உனக்கு மட்டும். வழக்கமாக நான் எழுதி முடித்து, அடியில் நாலு விரல்கடை இடம் விட்டுக் கொடுப்பேன். உன் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அவரும் உன் அம்மாவும் ஆளுக்கு ரெண்டு வரி சேர்த்து, மறுநாள் கடற்கரைக்குப் போகிற வழியில் தபாலாபீசில் போடுவார். இந்தத் தடவையும் கைப்பழக்கத்தில் இடம் விட்டுவிட்டேன். அதை வெற்றிடமாகவே எடுத்துக்கொள். என் முழங்காலை வைத்துக்கொண்டு தபாலாபீஸ் போக முடியாது, அதனால் ஒட்டித்தான் உன் அப்பாவிடம் கொடுக்கப் போகிறேன். கோந்து காய்ந்துவிட்டது, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறேன். செவிட்டு மனுசனிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும்.

இனி விஷயம். நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கிதார் ஆம்ப்ளிபயர் கேட்லாக் வந்து சேர்ந்தது. ரிட்டயர் ஆன மாமாவுக்குப் பரிசு, எது வேண்டுமென்று பக்க நம்பர் போட்டு எழுதச் சொல்லியிருந்தாய். முப்பது வருசம் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அடுத்தவன் பெட்டியை எண்ணி டாலி பார்த்தவன், தனக்கென்று ஒரு பெட்டி கப்பலில் வரப்போகிறது என்றதும் கேட்லாக்கை முதலிலிருந்து கடைசி வரை ரெண்டு தடவை புரட்டிவிட்டேன். உன் அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னது, முன்னால துணி போட்ட அலமாரியா?" என்றாள். ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள்ளே இருக்கும், அதற்குக் காம்போ என்று பெயர் என்று விளக்கினேன். அப்படியென்றால் மேலே மாதா சுரூபம் வைக்கத் தோதாகத் தட்டையாக இருக்கிற மாதிரி பார்த்து வாங்கச் சொல் என்றாள்.

அதோடு நின்றதா? மாதா கோயில் சாமியாருக்குத் தெரிந்துவிட்டது. "இப்பம் பூசையே லத்தீன் போயி தமிழில வந்தாச்சு, கிதாரும் வரட்டும் பர்னபாஸ், ஆனா என் பிரசங்கத்துக்கு அதுலயே ஒரு மைக் மாட்டணும்" என்றார். உடன்குடியிலிருந்து வாரம் ஒருதரம் கருப்பட்டிச் சிப்பத்தோடு வருகிற பிச்சையா அண்ணாச்சி, "தசராவுக்குக் குலசை கோயிலுக்குப் பத்து நாள் தந்துருங்க, வேசம் கட்டுத நம்ம பயலுவளுக்கு ஆவும், சைக்கிள் கேரியர்ல கொள்ளுத மாதிரி மட்டும் பாத்துக்கிடுங்க" என்று முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குப் பெண் தேடும்போது கூட இத்தனை பேர் இத்தனை லட்சணம் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு ஆகணும், பூசைக்கு ஆகணும், தசராவுக்கு ஆகணும், சும்மா இருக்கும்போது சுரூபம் தாங்கணும்.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது பதினோராம் பக்கத்துப் பெட்டிதான். கைக்கு அடக்கம், எடை குறைவு, முன்னால் ரெண்டு ஓட்டை, ஒன்று கிதாருக்கு, ஒன்று மைக்குக்கு. பதினாலாம் பக்கத்தில் இருப்பது ஒரு மாடு. பதினைந்து இஞ்சு ஸ்பீக்கர், கள்ளிப்பெட்டி மாதிரி தடித்த பலகை, ரெண்டு ஆள் தூக்கணும், மைக்குக்கு ஓட்டையே கிடையாது. பதினொன்று என்று உனக்கு எழுத மசிப்பேனாவைத் திறந்தும் விட்டேன். வாங்குவதற்கு முன்னால் ஒருதரம் சோதித்துப் பார்ப்போமே என்று நினைத்ததில்தான் சனி பிடித்தது.

முதல் சோதனை எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில். அதற்குப் பின்னால் கிராமபோன் மாட்டுகிற ஓட்டை இருக்கிறதல்லவா, பழைய டெலிபோனில் பேசுகிற பக்கத்துச் சில்லைக் கழற்றிக் கிதாருக்குள் ஒட்டி, வயரை அதில் சொருகினேன். கம்பியைத் தொட்டதும் கரண்டு சுள்ளென்று அடித்தது, நான் கட்டிலில் விழுந்தேன், கிதார் என் மேல் விழுந்தது, ரேடியோ மட்டும் ஒன்றும் நடக்காதது போல நெல்லுக்கு உரம் போடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரெண்டாவது சோதனைக்குச் சவுண்டு சர்வீஸ் நயினாரைக் கூப்பிட்டேன். அவன் ஆம்ப்ளிபயரைக் கீழே வைத்து, குழாய் ஸ்பீக்கரை எங்கள் கூரையில் கட்டி, வாயை என் பக்கமாகவே திருப்பி வைத்தான். நான் கிதாரை மடியில் வைத்தேனோ இல்லையோ, கூ... என்று ஒரு ஊளை கிளம்பியது பார், மில்லில் பன்னிரண்டு மணிக்கு ஊதுவார்களே அதே சத்தம், அதே நீளம். மணி அப்போது பத்தரை. தெருவில் பாதிப் பேர் உலையை இறக்கி வடித்துவிட்டார்கள், கடைக்காரர் பலகையைச் சார்த்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார், உன் அத்தை அவசரத்தில் அரைவேக்காட்டுச் சோற்றைப் போட்டுவிட்டு இன்றுவரை அதற்கு என்னைத்தான் ஏசுகிறாள். உன் அம்மா ரெண்டு தெரு தள்ளியிருந்து, "ஏளா இசபெல்லா, ஒம் மாப்பிள்ளைக்குக் கிறுக்கு முத்திட்டா?" என்று கேட்டது எங்களுக்குக் குழாய் இல்லாமலே கேட்டது.

உன் அப்பா குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கண்ணிமைகூட அசையவில்லை. ஊளை அடங்கியதும் தலையை நிமிர்த்தி, "எப்பம் ஆரம்பிப்பீரு மச்சான்?" என்று கேட்டார். நயினார் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு நான் சொல்ல வேண்டியது. நயினார் குழாயை இறக்கிவிட்டு, நாடகத்துக்குக் கொண்டுபோகிற பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து போட்டான். உட்கார இடமில்லாமல் உன் அப்பா கடலையோடு அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். நான் சும்மா, மேலே இருக்கிற தடிக்கம்பியை ஒரு இழுப்பு இழுத்தேன். கடலை உரித்த கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மச்சான், கீழருந்து யாரோ கயித்த இழுக்காவ" என்றார். நான் கிதாரை வைத்துவிட்டு முகம் கழுவப் போகிற மாதிரி கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஏன் போனேன் என்று சொல்கிறேன் கேள். அறுபத்தொன்றில் முத்துச் சலாபம் போட்டார்களே, உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. முத்துக் குளிக்க மூழ்குகிறவனுக்கு மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன் யாரென்று தெரியுமல்லவா, மச்சினன்தான் பிடிக்கணும். கூடப்பிறந்தவன் கூட சொத்துக்காகக் கயிற்றை விட்டுவிடுவான், தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது நம் ஆட்களின் கணக்கு. உன் அப்பா குளிக்கப் போனார், அதனால் நான் ஆபீசில் லீவு போட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினேன். தவக்காலம் அது. ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை ஒரு கல்யாணத்தில் உன் அப்பா பாட, நான் கிதார் வாசிக்க ஏற்பாடு. கோவாக்காரச் சமையல்காரன் ஒருவன் கப்பலிலிருந்து எனக்குக் கிதாரைக் கொடுத்து அப்போதே பத்து வருசமிருக்கும், ஆனாலும் எஃப் கார்டு என்கிற அந்த ஒரு பிடி மட்டும் எனக்குப் படியவேயில்லை. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் ஒன்றாக அமுக்கணும், என் விரலுக்கு அந்தப் புத்தி இல்லை.

அன்றைக்கு வள்ளத்தில், கையில் இருந்த கயிற்றின் மேலேயே எஃப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன் மருமகனே. கயிறு அசைந்தது. அலை என்று நினைத்தேன். விரலை மாற்றி இன்னொருதரம் பிடித்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, தூக்கச் சொல்லி உன் அப்பா கீழேயிருந்து இழுக்கிறார் என்று. ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம் பிந்திவிட்டேன். இழுத்து மேலே கொண்டுவந்தபோது உன் அப்பா காதிலிருந்து ரத்தம் வடிந்தது. என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல மச்சான்" என்றார். ஒரு மாசத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது நின்றுபோயிற்று. பாட்டும் நின்றுபோயிற்று.

உனக்கு அந்தப் பாட்டு எவ்வளவு ஞாபகமிருக்கிறதோ தெரியவில்லை. கடற்கரைத் தெருக் கல்யாணங்களில் உன் அப்பா எழுந்து நின்றால் பந்தியில் இலை போடுகிறவன் இலையோடு நிற்பான். பெண்ணை அனுப்பும் முன்னாலேயே பெண்ணின் தாய் அழ ஆரம்பித்துவிடுவாள். நான் பக்கத்தில் தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டு நிற்பேன், அவர் குரல் என் தப்பையெல்லாம் மூடிக்கொண்டு போகும். பாடி முடித்து, கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, ஒரே சைக்கிளில் டபுள்ஸ் வருவோம். அந்தச் சந்தோசம் எனக்கு அப்புறம் எதிலும் கிடைத்ததில்லை. இப்போதும் தினம் சாயங்காலம் உன் அப்பா வந்து கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து "யாரு?" என்பேன். பதில் வராது. பதில் வராததை வைத்தே மரியான்தான் என்று எழுந்துபோய்த் திறப்பேன். பதின்மூன்று வருசமாக அந்தப் பதில் வராத ஒவ்வொரு தடவையும் எனக்கு எஃப் கார்டு ஞாபகம் வருகிறது. இதை நான் உன் அம்மாவிடம் சொன்னதில்லை, உன் அத்தையிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் கூட மழுப்பித்தான் சொன்னேன்.

ஆகையால் எனக்குப் பதினாலாம் பக்கத்துப் பெட்டியே வாங்கு. சாமியார் பிரசங்கத்தைத் தொண்டையாலேயே செய்யட்டும். அண்ணாச்சி சைக்கிளில் கருப்பட்டி மட்டும் கொண்டுபோகட்டும். பாட ஆளில்லாத வீட்டுக்கு மைக் ஓட்டை எதற்கு? எனக்கு வேண்டியது ஒரு பெரிய ஸ்பீக்கரும், தொண்ணூறு கிலோ மனுசன் உட்கார்ந்தால் இற்றுப்போகாத பலகையும்தான். கடையில் நீயே ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கு, கடைக்காரன் ஏசினால் தூத்துக்குடியில் இப்படித்தான் வாங்குவோம் என்று சொல். தினம் சாயங்காலம் உன் அப்பா அதன் மேல் உட்காருவார், நான் தடிக்கம்பியை இழுப்பேன். அன்றைக்குப் பிந்தினதற்கு என்னால் ஆனது அவ்வளவுதான்.

வேறு விசேஷமில்லை. மழை இல்லை, உப்பு நன்றாக விளைகிறது. குளிர்ந்த சோடா குடிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். பனிமய மாதா உன்னையும் நீ கால் வைக்கிற எல்லாக் கரையையும் காப்பாளாக. உன் அத்தை நூறு முத்தம் என்கிறாள், எனக்குத் தெரிந்து அவள் யாருக்கும் பத்துக்கு மேல் கொடுத்ததில்லை.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா,
ச. பர்னபாஸ்

பின்குறிப்பு: ஏலே வில்பிரட், இது அப்பா எழுதுதது. சோத்துப் பருக்கை ஒட்டல. செவிடன்கிட்ட ரகசியம் பத்திரமா இருக்கும்னு ஒம் மாமா கொடுத்துட்டாரு, செவிடனுக்குக் கண்ணு தெரியுங்கிறத மறந்துட்டாரு. வாசிச்சிட்டு முக்கா மணி நேரம் தபாலாபீஸ் படியிலயே இருக்கேன். காது உடையிறது எறங்கும்போதுலே, ஏறும்போது இல்ல. அன்னைக்கு ஆழம் கூட, பாதி எறங்கயிலயே வலது காது டப்புனு போச்சு, ஒரு கூடை சிப்பிய விடக் கூடாதுன்னு நாந்தான் கீழ கிடந்தேன். ஒம் மாமா மேல நின்னவரு, குளிச்சிருந்தாத்தானே தெரியும். எடது காது நல்லாவே கேக்கும். ஒங்க அம்மா வாய்க்குப் பயந்து ஒரு மாசம் செவிடா இருந்து பாத்தேன், சொகமா இருந்துச்சு. பொறவு ஒருநா உண்மையச் சொல்லிருவோம்னு பாட வாயத் தொறந்தா, ஒம் மாமா மூஞ்சி எழவு வீட்டு மூஞ்சியா ஆவுது. ஏன்னே இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எவன் பாடுவான்? அப்படியே இருந்துட்டேன். அன்னைக்கு அந்தக் குழாயடியில அசையாம இருக்க நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். பெட்டி மேல உக்காந்தப்பம் கயிறு இழுத்த மாதிரி இருந்தது மட்டும் நெசம்.

பதினாலாம் பக்கம் வேண்டாம். பதினொண்ணையே வாங்கு, மைக் ஓட்டை இருக்கணும். அம்மாகிட்ட எதையும் எழுதிராத. ஒம் மாமா எஃப்ப இன்னும் தப்பாத்தான் புடிக்காரு, பதிமூணு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இதத் தபால்ல போட்டுட்டு நேரா ஒம் மாமா வீட்டுக்குத்தான் போறேன். கதவத் தட்டுனா "யாரு?"ம்பாரு. இன்னைக்குப் பதில் சொல்லப் போறேன்.