பூவாத்தாளின் ஏழாவது முட்டை

ஒரு காட்டில், அதுவும் கரண்ட் கம்பி டீ எஸ்டேட் வேலியோடு நின்றுவிட்ட ஒரு மலைக்காட்டில், பூவாத்தா என்றொரு காட்டுக்கோழி குடியிருந்தாள். அவள் புருஷன் பெயர் சடையன். கழுத்து நிறைய பொன்பொட்டு வைத்த இறகு. அதைச் சிலிர்த்துக்கொண்டு நடப்பதைத் தவிர அவனுக்கு வேறு உத்தியோகம் கிடையாது.

போன வருஷம் பூவாத்தா ஆறு முட்டை இட்டாள். ஒரு விடிகாலை இரை பொறுக்கப் போனவள் திரும்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் உறைபனி இறங்கி, ஆறும் விறைத்துக் கிடந்தன. பாவம், எட்டு நாள் தண்ணி கூடக் குடிக்காமல் அழுதாள். இந்த வருஷமும் ஆறு முட்டை. இதிலும் ஒன்று போனால் தாங்கமாட்டேன் என்று சடையனிடம் சொல்லியே விட்டாள்.

"நான் இரைக்குப் போற ஒரு மணி நேரம், முட்டை மேல சூடா ஒரு பல்பு எரிஞ்சாப் போதும் மாமா."

கரண்ட் கேட்டு மனுப் போட்டாள். கதவு எண் என்ன என்று கேட்டு மனு திரும்பி வந்தது. கூட்டுக்குக் கதவே இல்லை, எண்ணுக்கு எங்கே போவாள்? சரி, வெயில் இருக்கவே இருக்கிறது என்று மாசிலாமணியின் சோலார் கடைக்குப் போனாள், சடையனை முட்டைக்குக் காவல் வைத்துவிட்டு.

மாசிலாமணி ஒரு கருமந்திக் குரங்கு. ரொம்பத் தன்மையான ஆள். பொய்யே சொல்லமாட்டார், அதுதான் வினையே.

"ஒரு பல்பு, ஒரு மணி நேரம். அவ்வளவுதானுங்களே?" என்றார். "வெயிலைப் பிடிக்க ஒரு பேனல், பிடிச்சதைச் சேத்து வக்க ஒரு பேட்டரி. ஆனா வெயில் ஏறி இறங்குமுங்க, அப்படியே விட்டா பேட்டரி வெந்து போகும். அதனால நடுவுல ஒரு சார்ஜ் கண்ட்ரோலர்."

"சரிங்கண்ணா."

"பேட்டரி கரண்ட் வேற, இந்தப் பல்பு கேக்குற கரண்ட் வேறங்க. அதனால நடுவுல ஒரு இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே கொஞ்சம் தின்னும். அதுக்குத் தீனி போட இன்னொரு பேனல்."

"பல்பு ஒண்ணுதானுங்கண்ணா கேட்டேன்!"

"பல்பு இலவசங்க" என்றார் மாசிலாமணி.

பேட்டரிதான் பெரிய பாடாகிவிட்டது. ஆசிட் பேட்டரி ஒன்று இருந்தது, கனம். அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும், அதன் புகை முட்டைக்கு ஆகாது. லித்தியம் பேட்டரி இன்னொன்று. செங்கல் அளவுதான், வழவழவென்று இருந்தது. தண்ணீர், புகை எதுவும் இல்லை. பத்து வருஷம் வாரண்டி.

"நானே அஞ்சு வருசம் இருந்தா அதிகமுங்களே?"

"பேரன் பேத்திங்க அனுபவிக்கட்டுமே!"

பேரன் பேத்தி என்றதும் அவள் விலையைக் கூடக் கேட்கவில்லை. லித்தியத்தையே எடுக்கச் சொல்லிவிட்டாள்.

இந்தக் காட்டில் வியாபாரம் பண்டமாற்றுதான். மாசிலாமணிக்குக் கடை வாசலில் தோரணம் கட்டப் பொன்பொட்டு இறகு வேண்டுமாம். சாமானோடு அவர் கூட்டுக்கு வந்தபோது, பேனலுக்குக் கொஞ்சம், கண்ட்ரோலருக்குக் கொஞ்சம் என்று சடையன் முகம் சுளித்துக்கொண்டு கொடுத்தான். பேட்டரியோடு கழுத்து மொட்டையாகிவிட்டது.

"பரவால்ல மாமா, இப்பத்தான் முகம் களையா இருக்குது" என்றாள் பூவாத்தா. இதை விடப் பெரிய பொய்யை அந்தக் காடு கேட்டதில்லை.

மறுநாள் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. வெயில் வந்து பேனலில் விழுந்தது, ஆனால் பேட்டரியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஒரு பொட்டு சார்ஜ் ஏறவில்லை. நடுங்கிக்கொண்டே ஓடிப் போய் மாசிலாமணியைக் கூட்டி வந்தான் சடையன்.

அவர் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க. பேட்டரிக்குக் குளிருது."

"எனக்கும்தானுங்க குளிருது" என்றான் சடையன்.

"இந்த ரகம் விறைச்சுட்டா சார்ஜ் ஏத்தாதுங்க. புத்தகத்துல முப்பத்தெட்டாம் பக்கம் போட்டிருக்குதுங்களே! கதகதன்னு வச்சுக்கணும்."

"கதகதன்னு எப்படிங்க வக்கிறது?" என்றாள் பூவாத்தா.

மாசிலாமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முட்டைகளைப் பார்த்தார்.

தூக்கிக் கடாசியிருக்கலாம் அந்தச் சனியனை. ஆனால் புருஷன் கழுத்தை மொட்டையடித்து வாங்கின சாமானாயிற்றே, எப்படி மனசு வரும்? ஆறு முட்டைக்கு நடுவில் பேட்டரியையும் நகர்த்தி வைத்து, சிறகை விரித்து ஏழின் மேலும் உட்கார்ந்தாள். அரை மணியில் பச்சை விளக்கு வந்தது. பல்பும் பளிச்சென்று எரிந்தது.

"மாமா, பல்பைக் கொண்டாங்க. முட்டைக்கு வச்சுட்டு நான் ஒரு வாய் தின்னுட்டு வந்துர்றேன்."

நீ எழுந்தால் பேட்டரி விறைக்கும், பேட்டரி விறைத்தால் பல்பு அணையும் என்று சடையன் விளக்கினான். விளக்கிக்கொண்டே பல்புக்கு அடியில் போய் மொட்டைக் கழுத்தை நீட்டிப் படுத்தான்.

"அப்ப அந்தப் பல்பு எதுக்கு?"

"முட்டைக்கு நீ இருக்கறே. பேட்டரிக்கும் நீ இருக்கறே. எனக்கு யாரு இருக்கறாங்க புள்ள?"

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து ஒரு கொத்து கொத்தியிருப்பாள். எழுந்தால் ஏழும் ஆறிவிடுமே! கூட்டோரம் ஊர்ந்து போன எறும்பைப் பொறுக்கித் தின்று, மூன்று வாரம் அசையாமல் கிடந்தாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். சடையன் மட்டும் நன்றாகச் சதை போட்டிருந்தான்.

இருபத்தோராம் நாள் ஆறும் பொரிந்தன! ஒன்று கூடச் சோடையில்லை. பூவாத்தா வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். "என் தங்கங்களா, இங்க வாங்க" என்று சிறகை விரித்தாள்.

குஞ்சுகள் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. முட்டைக்குள் இருந்த நாளெல்லாம் பக்கத்திலேயே வழவழவென்று கதகதப்பாய் இருந்தது எதுவோ, அதை நோக்கித் தத்தித் தத்திப் போயின. பச்சை விளக்குக்குக் கீழே ஆறும் ஒண்டிக்கொண்டன.

"அம்மா" என்றது மூத்தது, பேட்டரியிடம்.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணி வந்து சேர்ந்தார். "ஆறுக்கு ஆறா! பாத்தீங்களா, சிஸ்டம் எப்படி வேலை செய்யுது!" என்று படம் பிடித்தார். கடை வாசலில் மாட்டப் போகிறாராம். பூவாத்தா மறைக்கிறாள் என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"அண்ணா, மூணு வாரம் சோறு தண்ணியில்லாம உக்காந்தது நானுங்க! அடைகாத்தது நானுங்க!" வயிறெரிந்து கத்தினாள் பூவாத்தா.

மாசிலாமணிதான் பொய்யே சொல்லமாட்டாரே. தன்மையாகக் கேட்டார்: "வாஸ்தவமுங்க. ஆனா உங்களுக்குப் பத்து வருசம் வாரண்டி இருக்குதுங்களா?"

மாலையில் மறுபடி குளிர் இறங்கியது. பேட்டரியை ஒட்டிக்கொண்டு குஞ்சுகள் தூங்கின. அது விறைத்தால் குஞ்சுகளும் விறைக்குமே என்று, பூவாத்தா மெதுவாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள்.

நீதி: பெற்றவள் என்ற பெயர் வேண்டுமானால், உடம்பில் எங்காவது ஒரு பச்சை விளக்கு பொருத்திக்கொள்ளவும்.