துவாஸ் வழியே தேசாரு

தினமும் ஒரே பாதையில் கார் ஓட்டுகிறவர்களை லீவு நாளில் நம்பக் கூடாது. யாரையோ சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

வீடு மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில். வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், துவாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை. விடிவதற்கு முன்னால் மூன்று தோழிகளை என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். ஏறிய மறு நிமிடமே மூன்று பேரும் தூங்கிவிடுவார்கள். இமிகிரேஷன் வந்ததும் நான் கையைப் பின்னால் நீட்டுவேன். கண்ணைத் திறக்காமலே பாஸ்போர்ட்டுகளை என் கையில் வைப்பார்கள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. (புருஷன் பெண்டாட்டிக்குள்கூட இந்தப் புரிதல் இருக்காது.)

நம்ம ஜொகூரில் கோடை என்று தனியாக எதுவும் இல்லை. வருஷம் பூராவும் அதே வெயில்தான். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் கோடை. அந்த வருஷம் கிளாராவுக்கு ஏழு வயது, டேனிக்கு நாலு. விடுமுறையில் அவர்களைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர் அருள். (அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பள்ளி இல்லையென்றால் அவருக்கும் விடுமுறை.) எனக்குக் கெஞ்சிக் கூத்தாடிக் கிடைத்தது ஒரே ஒரு புதன்கிழமை. "தேசாரு கடற்கரைக்குப் போறோம்!" என்று அறிவித்தேன். (தேசாரு ஜொகூரிலேயே கிழக்குக் கரையில் இருக்கிறது, பாலம் பக்கமே போக வேண்டியதில்லை.)

டேனி குதித்தான். கிளாரா குதிக்கவில்லை.

"நீங்க வேலைக்குத்தான் போவீங்கம்மா. போன லீவுலயும் இப்படித்தான் சொன்னீங்க. அப்புறம் ஓவர்டைம்னு போயிட்டீங்க."

சுருக்கென்றது. "மாதா மேல சத்தியமா, இந்தத் தடவ கடலுக்குத்தான்" என்றேன்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு என் வாக்கில் நம்பிக்கை இல்லை. அந்த ஒரு நாளில் எப்படியாவது அதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

புதன்கிழமை விடியற்காலை எழுந்து மீகூன் சேமியா பிரட்டினேன், உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கறிபாப் பொரித்தேன். வாளி, பாய், பொம்மை மண்வெட்டி எல்லாவற்றையும் ஏற்றினோம். மீகூன் டப்பாவை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டோம். டேனி வாத்து மிதவையை வீட்டிலேயே இடுப்பில் மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"நான் ஓட்டறேன் ரீத்தா. நீ கொஞ்சம் தூங்கு" என்றார் அருள்.

"இது ஹைவேங்க. உங்க வேன் மாதிரி வீட்டுக்கு வீடு நின்னு நின்னு போறது இல்ல. நான் தினமும் ஓட்டறவ. என்னை நம்புங்க."

(இந்த வசனத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் எனக்கு நடித்துக் காட்டுகிறார்கள். இடுப்பில் கை வைத்துத்தான் பேசினேனாம். எனக்கு நினைவில்லை.)

அவர் பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்தார். ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினோம். ஐந்து நிமிடத்தில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. இருட்டு, பேச்சில்லாத கார், பின்னால் குறட்டை. என் மூளை லீவு போட்டிருந்தது, கை மட்டும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிட்டது. பாலத்துக்கு முன்னால், இதுதான் கடைசித் திருப்பம் என்று பெரிய பலகை ஒன்று உண்டு. தினமும் பார்க்கிற பலகை. அன்றைக்கும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

இமிகிரேஷன் வரிசையில் நின்றதும் கையைப் பின்னால் நீட்டினேன். "பாஸ்போர்ட்."

கையில் ஏதோ வந்து விழுந்தது. சூடாக இருந்தது. கறிபாப். எனக்குப் பசிக்கிறது என்று நினைத்து அருள் தூக்கத்திலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கறிபாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் முன்னால் பார்த்தேன், கவுண்டர். பின்னால் பார்த்தேன், கண்ணுக்கு எட்டிய தூரம் கார் விளக்குகள். பக்கத்து வரிசையில் ஒரு கண்ணாடி இறங்கியது. தினமும் என் காரில் வரும் வசந்தி, அன்றைக்கு வேறு யாரோ காரில்.

"என்ன ரீத்தாக்கா, லீவு கேன்சலா?"

"அலமாக்!" என்று அருள் எழுந்து உட்கார்ந்தார்.

கவுண்டரில் ஒரு மலாய்க்கார இளைஞர். "காக், நா பெர்கி மானா?" என்றார். எங்கே போறீங்க அக்கா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"தேசாரு."

அவர் சிங்கப்பூர் இருக்கும் திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். காருக்குள் என் பாஸ்போர்ட் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு நாங்கள் எடுத்ததே இல்லை.

காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். பின்பக்கம் திறந்து பார்த்தார்கள். வாளி, பாய், மண்வெட்டி. டேனி இடுப்பில் வாத்தோடு இறங்கிப் போய், "கடல் எங்க?" என்று அந்த இளைஞரிடமே கேட்டான். அவருக்குத் தமிழ் புரியவில்லை, வாத்து புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"வழி தவறி வர்றவங்க உண்டு, பரவாயில்ல காக்" என்று மலாயில் ஆறுதல் சொன்னார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. "ஆனா தினமும் வர்றவங்க வழி தவறி வந்து நான் பார்த்ததில்ல."

அப்போதுதான் கிளாரா விழித்தாள். வேலித் தடுப்பைப் பார்த்தாள், சீருடைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"சொன்னேன்ல? அம்மா வேலைக்கு வந்துட்டாங்க. நம்மளயும் கூட்டிக்கிட்டு."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அபராதத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து அந்த இளைஞர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வழிகாட்டித் திருப்பி அனுப்பினார்கள். சாவியை அருள் வாங்கிக்கொண்டார். பின் கதவைத் திறந்து என்னைப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார். (திட்டியிருந்தால்கூடத் தேவலை.) தேசாரு போய்ச் சேர்ந்தபோது மணல் கொதித்தது. டேனி அலைக்குள் ஓடினான். கிளாரா சவுக்கு மரத்தடியிலிருந்து அசையவில்லை.

"உங்க பாஸ்போர்ட்டக் குடுங்க" என்று கை நீட்டினாள்.

கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். மரங்களுக்கு நடுவே எங்கேயோ கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது, எங்கே புதைத்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. பாஸ்போர்ட் இல்லையென்றால் மறுநாள் எனக்கு வேலை இல்லை. குடும்பமே மண்டியிட்டுத் தோண்டியது. வழியே போன பெரியவர் ஒருவர் நின்று, இங்கே சிப்பி கிடைக்கிறதா என்று ஆவலாக விசாரித்தார். வெளிச்சம் போகிற நேரத்தில் டேனியின் பொம்மை மண்வெட்டியில் பை சிக்கியது, கிழிந்து, உள்ளே மணலோடு.

மறுநாள் காலை கவுண்டரில் அதே இளைஞர். பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் மேசையில் மணல் கொட்டியது. "தேசாரு போய்ச் சேர்ந்தாச்சா காக்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது கிளாராவுக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம் படிக்கிறாள். உறவுக்காரர்கள் கூடும்போதெல்லாம் அருள் இந்தக் கதையை எடுப்பார், டேனி என்னை மாதிரியே இடுப்பில் கை வைத்து நடிப்பான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கிளாரா சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவள் வேலை என்னவென்றால், எனக்கு லீவு வரும்போதெல்லாம் முந்தின நாளே என் பாஸ்போர்ட்டை ஒளித்துவைப்பது. அரிசி டப்பா, துணி துவைக்கும் இயந்திரம், ஒரு தடவை மாதா சுரூபத்துக்குப் பின்னால். வேலைக்குப் போகிற நாள் காலையில் தானே எடுத்து என் கைப்பையில் வைத்துவிடுவாள்.

நாளைக்கு எனக்கு லீவு. சாயங்காலத்திலிருந்தே பாஸ்போர்ட்டைக் காணோம். நான் தேடவில்லை.