ஜீவகாருண்யமும் ஆட்டுக்கால் சாறும்

என் வாழ்நாளில் மொத்தம் இருபத்தாறு நாள் நான் ஜீவகாருண்யனாக இருந்திருக்கிறேன். முதல் இருபத்திரண்டு நாள் யாருக்கும் தொந்தரவில்லை. மிச்சம் நாலு நாளை மாமனார் வீட்டில் போய்க் கழித்ததுதான் வினையாகிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். ஓமலூருக்குப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்துமூன்று. கல்யாணமாகி இரண்டே மாசம். ஆடி பிறந்ததும் மனைவி பாவாயியைத் திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும்.

ஒரு சனிக்கிழமை சேலத்துக்குப் போனவன், மழைக்கு ஒதுங்கி ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தேன். உள்ளே ஒருவர் மரக்கறி உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். (மழை கால்மணி நேரத்தில் விட்டிருந்தால் எங்கள் வீட்டுச் சமையலே வேறு மாதிரி இருந்திருக்கும்.) மனிதனுக்கு இருப்பது புலிப்பல் அல்ல, பசுவின் பல் என்றார். நம்முடைய நீளமான குடலில் கறி தங்கி அழுகுகிறது, மூலம், வாதம், முன்கோபம் எல்லாம் அதனால்தான் வருகின்றன என்றார். அதோடு விடவில்லை. பால் கன்றுக்குட்டியின் சொத்து, முட்டை கோழியின் சொத்து, தேன் ஈயின் சொத்து, இவற்றைத் தின்கிறவன் திருடன். எதையும் அடுப்பில் ஏற்றாமல் பச்சையாகத் தின்றால் இன்னும் உத்தமம்.

வாரம் தவறாமல் கறி தின்று வளர்ந்த நான், அன்று மாலையே எல்லாவற்றையும் விட்டேன். ஊறவைத்த நிலக்கடலை, வெள்ளரிப்பிஞ்சு, தேங்காய்ச்சில். மூன்று வாரத்தில் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கண் இருட்டியது. இரண்டையும் ஆன்ம முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆடி முடிந்ததும் பாவாயியை அழைத்துவரப் போனேன். புது மாப்பிள்ளை வருகிறான் என்று பங்காளிகள் பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தார் மாமனார். வரிசையாக இலை போட்டார்கள். சோறு விழுந்தது. சேவல் குழம்பு வந்தது. தொடைக்கறி என் இலைக்குத்தான் வந்தது.

இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம்" என்றேன்.

மாமனார் முகம் மாறிவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை இலையை மறைத்தால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்.

"ஏனுங்க மாப்ள, கல்யாணத்துல ஏதாச்சும் மரியாதைக் கொறவாப் போச்சுங்களா?" என்றார் மெதுவாக.

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. (அந்தக் காலத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேராகப் பேசமாட்டார்.) "உன்னைய இங்கியே உட்டுட்டுப் போறதுக்கு வந்திருக்காரான்னு கேளு புள்ள."

பாவாயி கையில் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒரே வார்த்தையில், 'விரதம்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் வாத்தியார் அல்லவா? பல்லிலிருந்து ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை கை வைக்காமல் மற்றவர்கள் சாப்பிட முடியாது. பத்துப் பேரும் பிசைந்த சோற்றோடு காத்திருக்க, ஒரு கோழிக்கும் ஒரு குழந்தைக்கும் உயிரில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். குடலுக்கு வந்து, கறி அதில் அழுகும் விதத்தை விளக்கியபோது ஒரு பெரியவர் இலையை மடித்து எழுந்துவிட்டார். குழம்பு ஆறி, மேலே கொழுப்பு ஏடு கட்டிவிட்டது.

மாமனார் பொறுமைசாலி. கோபித்துக்கொண்டு வரவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. "அதுக்கென்னுங்க. தயிர் ஊத்திச் சாப்புடுங்க."

"தயிரும் ஆகாது. பால் கன்றுக்குச் சொந்தம்."

"நெய்யி?"

"அதுவும் பால்தானே மாமா."

"மாப்பிள்ளைக்குத் தண்ணியாச்சும் ஆகுமான்னு கேளு புள்ள" என்றது கதவு.

மாமனார் வாசலைப் பார்த்தார். "மாப்ள, உங்க செருப்பு எதுல தச்சதுங்க?"

நானும் வாசலைப் பார்த்தேன். தோல் செருப்புதான்.

"கிண்டலுக்குக் கேக்கலீங்க. நெசமாலுமே தெரிஞ்சுக்கத்தான். நம்ம தோட்டத்துக் கெணத்துல கவலை ஓட்டித்தான் தண்ணி எறைக்கறோம். எருதுதான் இழுக்குது. தண்ணி மொள்ளற சால்ல தச்சிருக்கறது மாட்டுத்தோலு. நீங்க தின்னற வெள்ளரியும் அந்தத் தண்ணீல காச்சதுதானுங்க. அப்ப நாங்க எதைத்தான் உடறதுங்க?"

சேலத்துப் பேச்சாளர் கவலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனவே நானும் சொல்லவில்லை. ஊறவைத்த கடலை கொண்டுவந்தார்கள். தலை குனிந்து மென்றேன்.

அத்தோடு போயிருக்கலாம். சாயங்காலம் என் மைத்துனன் கந்தசாமி சந்தைக்குக் கடலைக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு என் வயதுதான். மத்தியானம் ஆறின சேவலை மிச்சமில்லாமல் தின்றவன் அவன்தான். "மாமா, கறியில்லாம ஒடம்புல தெம்பு இருக்குமுங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான்.

"எருது என்ன கறியா தின்கிறது?" என்று சொல்லி, சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்தேன்.

மூட்டை உயர்ந்தது உண்மை. (இதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) இரண்டு அடி வைத்தேன். அப்புறம் கண் இருட்டியது. விழித்துப் பார்த்தபோது மூட்டை என்மேல் கிடந்தது. அதன்மேல் பாவாயியின் அலறல்.

கணுக்கால் பிசகிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து கட்டுக் கட்டும் வைத்தியர் வந்தார். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உளுந்து மாவும் நாலு முட்டையும் கொண்டுவரச் சொன்னார்.

"முட்டை வேண்டாமுங்க, நான் அதெல்லாம் விட்டுவிட்டேன்" என்றேன்.

"உங்க காலை நீங்க திங்கப் போறதில்லீங்களே?" என்று சொல்லி, வெள்ளைக்கருவை மாவில் குழைத்துப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். போகும்போது மாமனாரிடம், "ஒடம்புல சத்து ஒண்ணுமில்லீங்க. காத்தடிச்சா பறந்துருவாரு. பத்து நாளைக்கு ஆட்டுக்கால் சாறு குடுங்க" என்றார்.

இப்படியாக, ஜீவகாருண்யன் நாலு முட்டையைக் காலில் பூசிக்கொண்டு மாமனார் வீட்டுக் கட்டிலில் கிடந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "எருது எப்படிங்க இருக்குது?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் சாற்றைத் தொடவில்லை. ஆனால் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுச் சின்ன வெங்காயத்தோடு அது கொதிக்கும் வாசனையைத் தடுக்கும் வழியும் தெரியவில்லை. நான் வந்த நாலாம் நாள் பாவாயி டம்ளரைக் கட்டிலில் வைத்து, "மருந்துன்னு நெனச்சுக் குடிங்க" என்றாள்.

மருந்து என்றே குடித்தேன். மருந்து நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டேன். அதற்கடுத்த நாள் எலும்பையும் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். பாவாயி எப்போதும் வெறும் ரசமும் சோறுமாகச் சாப்பிட்டாள்.

"உனக்குக் கறி வைக்கவில்லையா?"

"அன்னைலிருந்து நான் திங்கறதில்லீங்க."

"என்றைக்கிலிருந்து?"

"நீங்க இலையில உக்காந்து பேசுனீங்களே, அன்னைலிருந்து. அந்தச் சேவலை நாந்தானுங்க குஞ்சுலிருந்து வளத்தேன். என்ரெ கையிலதான் அரிசி கொத்தும். ஊர்லிருந்து வந்தன்னைக்குக் கொரலைக் கேட்டு ஓடியாந்துச்சு. மாப்பிள்ளைக்குன்னு சொன்னாங்க, சரின்னு நானேதான் புடிச்சுக் குடுத்தேன். அதுக்கு முந்தியும் எத்தனையோ புடிச்சுக் குடுத்திருக்கறனுங்க, ஒண்ணும் தோணுனதில்ல. நீங்க பேசப் பேச அது இலையில ஆறிட்டுக் கெடந்துச்சுங்களா... நீங்க சொல்றது நெசந்தானேன்னு பட்டுருச்சுங்க."

என் கையில் இரண்டாவது டம்ளர் இருந்தது. கீழே வைப்பதா, குடிப்பதா என்று தெரியவில்லை. அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "ஆறிப்போயிருமுங்க, குடிங்க" என்றும் சொன்னாள். குடித்தேன். அப்படியொரு வெட்கத்தோடு எதையும் நான் குடித்ததில்லை.

அதற்கப்புறம் அவள் கறியைத் தொடவேயில்லை. அவளுடைய சட்டம் சேலத்துக்காரருடையது போலக் கெடுபிடியானது அல்ல. பால் குடிப்பாள், கன்றுக்கு இரண்டு காம்பு விட்டுவிட்டுத்தான் கறப்பாள். கோழி வளர்ப்பாள், எங்கள் வீட்டுக் கோழிகள் வயதாகித்தான் சாகும். என்னைத் தின்னாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சமைத்துத் தரமாட்டாள், அவ்வளவுதான். எனவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்து, தனிச் சட்டியில், கண்ணெல்லாம் புகையாக நானே சமைத்துக்கொள்கிறேன். முப்பது வருஷமாகிறது. உப்பு இன்னும் சரியாக வந்தபாடில்லை.

போன மாசம் சின்ன மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், கொல்லைப்புறத்தில் புகை வருவதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். பெரிய மகள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்:

"எங்கப்பா சொல்லி எங்கம்மா கேட்டது ஒரே ஒரு பேச்சுங்க. அதுலிருந்து அவருதான் பொறத்தால ஆக்கித் திங்கறாரு."