ஒற்றை ரோஜாத் தாள்

ஒரு நூலைக் கொல்ல ஒரே வாக்கியம் போதும் என்று நிரூபித்தவர், நானறிந்து பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒருவர்தான். நாங்கள் அவரைச் 'சல்லடை' என்போம். பகலில் முனிசிபல் ஆபீசில் பிறப்பு இறப்புகளைப் பதியும் குமாஸ்தா. மாலையில் எங்கள் வாரப் பத்திரிகைக்குப் புத்தக விமர்சனம். இரண்டும் ஒரே வேலைதான். புத்தகங்களில் மட்டும் பிறப்பு குறைவு.

அவரிடம் ஓர் ஆட்டோகிராப் ஆல்பம் இருந்தது. "என் அறிவுலக நண்பர்கள்" என்று பெருமையாகக் காட்டுவார். கோடையில் குளிர்காற்று வாங்க மதராஸிலிருந்து வரும் எழுத்தாளர்களைக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனிலேயே மடக்கிவிடுவார். பாதிக் கையெழுத்துகள் கோணலாக இழுபட்டிருக்கும். வண்டி சிட்டி ஸ்டேஷனுக்கு நகர்ந்திருக்கும்.

ஆல்பத்தில் மூன்று நிறத் தாள்கள். படைப்பாளிக்கு ரோஜா நிறம், உழைப்பாளிக்கு நீலம், திருந்த வாய்ப்புள்ளவருக்கு மஞ்சள். நிறத்தை அவர்தான் தீர்மானிப்பார். ஒரு நாவலாசிரியர் ரயில் ஜன்னலிலிருந்து சீறினார்:

"எனக்கு நீலமா? என் நாவல் மூணு பதிப்பு வந்திருக்கு, ஓய்!"

"மூணையும் படிச்சேன் சார். அதனாலதான் மஞ்சள் தரலை."

உண்மையில் அவரோடு உட்கார்ந்து காபி குடித்தவர்கள் இரண்டே பேர்: தமிழ்ப் பண்டிதர் ஒருவர், மிஷன் பள்ளி வாத்தியார் தேவசகாயம். இன்றைய சிவாஜிநகர் அப்போது பிளாக்பள்ளி. அங்கே மார்க்கெட் அருகே ஒரு காபி கிளப்பில் ஞாயிறு மாலை கூடுவார்கள். பத்திரிகையின் புரூப் கட்டோடு நானும் போவேன். இருவருமே பத்து வருஷமாக மஞ்சள் தாள்.

ஒரே மாதத்தில் பண்டிதர் ஆயிரத்து இருநூறு பாட்டுகளில் ஒரு காவியமும், தேவசகாயம் ஒரு கதைத் தொகுப்பும் வெளியிட்டார்கள். ஆல்பத்தில் மீதியிருந்த ரோஜாத் தாள் ஒன்றே ஒன்று. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் போய்விடுவார். சல்லடைக்கோ இவர்களை விட்டால் ஊரில் பேச ஆளில்லை.

பண்டிதர் சல்லடையின் விமர்சனங்களை மனப்பாடமாக ஒப்பித்தார், தம்மைத் திட்டியவை உட்பட. தேவசகாயம் வீட்டிலிருந்து கேக் வந்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

ஆறாம் வாரம் சல்லடை இரு புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்தார். ரோஜாத் தாளை உருவி, மடித்து, நடுவில் கிழித்தார்.

"ரெண்டும் பாதிப் புஸ்தகம். ஆளுக்குப் பாதி."

"எழுந்திருங்க வாத்தியாரே! இந்த ஆளோட இனி என்ன பேச்சு?"

"கேக்கை நான் முழுசாத்தானே குடுத்தேன்!" என்றார் தேவசகாயம்.

பத்து வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே கருத்தோடு வெளியேறினார்கள்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது சல்லடை தனியாக உட்கார்ந்திருந்தார். "ஏன் சுவாமி, இவத்து ஒப்பரே?" என்று பரிமாறுபவர் கன்னடத்தில் கேட்டார். இன்று தனியாகவா என்று பொருள்.

"மூணு காபி குடுப்பா" என்றார் சல்லடை. இரண்டில் ஆடை படிந்தது.

"ஒருத்தருக்காவது குடுத்திருக்கலாமே சார்?" என்றேன்.

"பொய் சொல்லியா சிநேகிதம் பண்றது?" என்றவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் ஞாயிறு பண்டிதர் காவியத்தோடு வந்து நின்றார்.

"அன்னிக்குக் கோபத்துல பிரிச்சே பார்க்கலை. எல்லாப் பாட்டுக்கும் பென்சில்ல குறிப்பு எழுதியிருக்கீரே!"

"படிக்காம எப்படித் திட்டறது?"

"என் சம்சாரமே நாற்பதாம் பாட்டுல தூங்கிட்டா, ஐயா." பண்டிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அறுநூத்தி எட்டுல மட்டும் 'பரவாயில்லை'ன்னு இருக்கே. அது ஏன்?"

"அதைத்தான் ஒரு மாசமா யார்கிட்டயாவது சொல்லணும்னு துடிச்சிட்டிருக்கேன்."

வாசலில் தேவசகாயம் தம் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயங்கி நின்றார்.

அதன்பின் நானும் கதை எழுதினேன்; எத்தனையோ பேர் பாராட்டிவிட்டார்கள். அவரைப் போல ஒருவரும் படித்ததில்லை.