வியாழக்கிழமைக் கை

தொட்டாலே தெரிந்துவிடும் என்பவர்கள் ஒரு தனி இனம். கருவி காட்டும் எண்ணை நம்பமாட்டார்கள், குறிப்பேட்டை நம்பமாட்டார்கள், கண்ணெதிரே பிய்ந்து தொங்குவதையும் நம்பமாட்டார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, கண்ணை மூடி, "ம்ம்" என்பார்கள். தீர்ப்பு முடிந்தது.

உஸ்பெகிஸ்தானில், எங்கள் பெர்கானா ஆய்வுக்கூடத்தில் இந்த இனத்தின் தலைமகன் எங்கள் மேலதிகாரி ஸோகிர்ஜோன். தோம்லா என்ற வாத்தியார் பட்டம் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. கருங்கல்லை உருக்கி இழுத்த நூலைத் துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக இறுக்கிக் கால்வாய்ப் பாலங்களுக்குப் பலகை செய்கிறோம். நூலும் பிசினும் ஒன்றையொன்று விடாமல் பிடிக்க வேண்டும். அதற்காக நூலுக்கு ஒரு பூச்சு உண்டு. அதைக் கலக்குபவள் முஹய்யோ. பலகை நின்றால் தோம்லாவின் கைராசி, பிரிந்தால் முஹய்யோவின் கலவை. எழுதாத சட்டம் அது.

வியாழக்கிழமை எங்களுக்குப் புலாவ் நாள். செம்மறி வால்கொழுப்பு மிதக்கும் சோற்றை தோம்லா ஐந்து விரலாலும் அள்ளிச் சாப்பிடுவார்; மிச்சமுள்ள பிசுக்கை, தோலுக்கு நல்லதென்று, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொள்வார். அப்படியே நேரே வந்து, பூச்சுக் காய்ந்த துணியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆசையாகத் தடவிக்கொடுப்பார். வியாழக்கிழமைப் பலகைகள் மட்டும் ஏன் வெங்காயம்போல் உரிகின்றன? இதற்கு மூன்று மாதம் கூட்டம் போட்டோம். பிசினைக் குறை சொன்னோம், தண்ணீரைச் சொன்னோம், பருத்திப் புழுதியைச் சொன்னோம். கடைசியில் முஹய்யோவை மூட்டை கட்டும் பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. அனுப்பினால் அவளுடைய ஆய்வுப் பட்டம் பாதியில் நின்றுவிடும்.

அடுத்த வியாழன் அவள் ஒரு ஜோடிக் கையுறையை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க தோம்லா. இன்னிக்கு ஒரு நாள் இதப் போட்டுக்கிட்டுத் தொடுங்களேன்."

"கையுறையா? கட்டின பொண்டாட்டி கன்னத்த உறை மாட்டிக்கிட்டா தொடுவாங்க? முப்பத்தோரு வருஷமா இந்தக் கைதாம்மா பேசுது."

அவள் கையுறையை மேசைமேல் வைத்தாள். துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவர் தடவுமுன் எடுத்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு பாதியிலும் செய்த பலகைகளை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். அவர் கை படாதது இயந்திரத்தையே முனக வைத்தது. கை பட்டது எடுத்த எடுப்பிலேயே பிரிந்தது. தோம்லா இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, வேறென்ன, தொட்டார்.

"பாத்தியாம்மா? ஒரே கரைசல்தான். ஒண்ணு ஒட்டுது, ஒண்ணு ஒட்டல. நிதானமில்லாத கை உன்னுது."

மாற்றல் ஆணையில் அன்றே கையெழுத்துப் போட்டார். அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட நாங்கள் ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ, நன்றாக ஒட்டியிருந்த ஏதோ ஒன்று, நீங்கள் அக்கறையோடு தடவிக்கொடுத்த பிறகே விட்டுப்போகிறதென்றால், வேறு யாரையாவது மாற்றுவதற்கு முன் உங்கள் உள்ளங்கையை ஒருமுறை மோந்து பாருங்கள்.