படுக்கவைத்த அலுமாரி

எஹலியகொட,
புதன்கிழமை.

அன்பு மகன் ஸாஜிதுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. உனக்கும் மருமகள் ஷஸ்னாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக. இங்கே நானும் உன் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்பது கீழே படித்தால் விளங்கும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து எனக்கே புத்தி சொல்வாய். கடிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நம் வீட்டை விலைக்குப் பார்க்க முதலில் வந்த இரண்டு பேரும் வாசலில் நின்றே முன்னறையைக் கழுத்தை நீட்டிப் பார்த்து, “ஹோல் சின்னது” என்று போனது உனக்குத் தெரியும். மூன்றாவது ஆள் பஞ்சலிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். போனில் மட்டும்தான் பேசியிருந்தோம். இன்று பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அவரும் கைவிரித்தால் உன் வீட்டுக்கு எதிரே பார்த்துவைத்த ஃப்ளாட் வெள்ளிக்கிழமையோடு வேறு ஆளுக்குப் போய்விடும். பேரனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு வருடமாகப் பெட்டி கட்டி வைத்திருக்கும் உன் உம்மா பிறகு என்னை உயிரோடு விடமாட்டாள். அந்தப் பயத்தில்தான் சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட வழி சொல்லும் என்று நீ அனுப்பிய வீடியோவை நம்பினேன்.

வீடு விற்கும் கதையைத் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், அதுதான் முதல் பிழை. சுபஹு தொழுகைக்கும் பள்ளிக்குப் போகாமல் விடியற்காலையிலேயே வெள்ளைப் பெயின்ட் அடிக்கத் தொடங்கினேன், சோபா செட்டியையும் கதிரைகளையும் முற்றத்தில் போட்டோம், திரைச்சீலைகளைக் கழற்றினோம், நுஹ்மான் கடையில் வாங்கிய ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் சாத்தினோம். தேக்கு அலுமாரி மட்டும் கதவால் வெளியே போகவில்லை. சாமான் பதிந்து கிடந்தால் கூரை உயரமாகத் தெரியும் என்று உன் வீடியோவில் அந்தப் பெண் சொன்னாளே, அதனால் அலுமாரியை நிலத்தில் படுக்கவைத்து, மேலே வெள்ளை விரிப்பைப் போட்டு மூடினோம். பெயின்ட் வாடைக்குச் சாம்பிராணியும் போட்டோம். அந்தப் புகையில் உன் உம்மாவின் கண் இரண்டும் சிவந்து தண்ணீராய்க் கொட்டியது, தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. நான் பெயின்டைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஸபியா எட்டிப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கு வராத மர்சூக், அதாவது நான், முற்றத்தில் கதிரைகள், வெறும் ஹோல், சாம்பிராணி, வெள்ளைத் துணிக்குள் ஓர் ஆள் நீளத்துக்கு ஏதோ, பக்கத்தில் அழும் மனைவி. வேறு என்ன நினைப்பாள்? நான் குளித்து முடிக்கும்முன் தெரு முழுக்க எங்கள் ஹோலுக்குள். கண்ணாடியில் இன்னொரு தெரு.

நான் முன்வாசலுக்கு வந்தபோது புது மனிதர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார்.

“பெரிய இழப்பு. நேற்றுக்கூட என்னோட போனில கதைச்சவர். நீங்கள் அவருக்குத் தம்பியோ?”

“யாருக்கு?”

“மர்சூக் முதலாளிக்கு.”

உள்ளே, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் பளீல், “ஜனாஸா எத்தின மணிக்கு எடுக்கியன்டு சொன்னா ஸ்பீக்கர்ல அறிவிச்சுப் போடலாம்” என்று உன் உம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் இருமிக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தேன். பெண்கள் அலறினார்கள். பளீல் என்னைப் பார்த்தான், அலுமாரியைப் பார்த்தான்.

“மர்சூக் நானா, அப்ப மௌத்தானது யாரு?”

வேறு வழியில்லை, விற்கும் கதையைச் சொன்னேன். நாற்பது வருடம் பழகிய முகங்களை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில், வாசலில் என் கையைப் பிடித்த அந்தப் பஞ்சலிங்கம் மாஸ்டர்தான் தொண்டையைக் கனைத்தார்.

“ஹோல் சின்னது எண்டு சொன்னவை. நாற்பது பேர் நிக்கினம், இன்னும் இடம் கிடக்கு. பத்து நிமிசத்தில இவ்வளவு சனம் ஓடி வருகிற அயல் வேற எங்க கிடைக்கும்? நான் எடுக்கிறன்.”

ஆக, வீடு விலைப்பட்டுவிட்டது, மகன். நாளை உறுதி எழுத நொத்தாரிசிடம் போகிறோம். ஃப்ளாட்காரரிடம் சொல்லிவை. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் கண்கலங்காமல் வைத்திருப்பானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா மர்சூக்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்முன் ஸபியா ஒரு சட்டி சோறும் கறியும் கொண்டுவந்தாள். மௌத்து வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று காலையிலேயே உலை வைத்துவிட்டாளாம். சட்டியை வைத்துவிட்டு, “மர்சூக் நானா மௌத்துன்டு நெனச்சப்பவும் நான் இப்பிடி அழல்ல” என்று விம்மினாள். உன் உம்மா அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள், இந்த முறை சாம்பிராணி இல்லாமல். பிறகு எழுந்து போய், கட்டிவைத்த பெட்டியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாஸ்டருக்குப் போன் பண்ணினேன். நன்றாக ஏசினார், ஏசி முடித்துவிட்டு இதே தெருவில் வேறு வீடு விலைக்கு உண்டா என்று கேட்டார். ஃப்ளாட்காரரிடம் வேண்டாம் என்று சொல். பேரனைக் கூட்டிக்கொண்டு பெருநாளைக்கு நீங்கள் வாருங்கள், ஹோலில் படுக்க இடமிருக்கிறது. இந்தக் கடிதத்தோடு கண்ணாடியையும் இன்றைக்கே பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். உன் ஃப்ளாட்டுக்குத்தான் அது தேவை.